மூன்று முறை அழைத்தால்

டொரன்டோ அருங்காட்சியகத்தின் ரோமானியர் அறையில், ஒரு கல்லறைக் கல்லின் முன் நிற்கிறேன். உடல் கிடைக்காதவர்களுக்கு ரோமானியர் வெற்றுக் கல்லறை கட்டி, மூன்று முறை பெயர் சொல்லி அழைத்து ஆவியை அதில் குடியேற்றுவார்களாம். பலகையில் எழுதியிருக்கிறது.

நான் தமிழில் முணுமுணுப்பதைக் கேட்டு, காவலுக்கு நிற்கும் மன்னார்க்காரப் பெண்மணி அருகே வருகிறார்.

“உந்தப் பலகையை நான் ஒவ்வொரு நாளும் வாசிக்கிறனான், தம்பி. என்ர மகனைச் சண்டை நேரம் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். இண்டுவரைக்கும் ஒரு தகவலும் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுதிரி கொளுத்துவினம். நான் கொளுத்திறேல்லை. கொளுத்தினா, செத்திட்டானெண்டு நானே ஒப்புக்கொண்டமாதிரி.”

“பையன் பேர் என்னம்மா?”

“அன்ரன்.”

சொன்னதும் கல்லைத் திரும்பிப் பார்க்கிறார். சட்டென்று வாயைப் பொத்திக்கொள்கிறார்.

“ஒருக்காத்தான் சொன்னனான், தம்பி.”