லியோனில் கார்டு, தட்டாஞ்சாவடியில் ஓடிபி

கிர்ர்ர்ர்... என்று இரும்பு சீவும் சத்தம். அதற்குப் பின்னால் கரகரவென்று ஒரு ரேடியோ. இரண்டையும் தாண்டி அப்பாவின் குரல். "யாருங்க?"

என் வாழ்க்கையில் நான் அதிகம் பயந்த போன் கால் இப்படித்தான் ஆரம்பித்தது.

அப்பாவுக்குத் தட்டாஞ்சாவடியில் சின்ன லேத் பட்டறை. நான் மாஸ்டர்ஸ் படிக்க பிரான்ஸில் லியோன் நகரத்துக்குப் போய் ஐந்தாவது நாள். புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் தொண்டை கட்டி, குரல் தவளை மாதிரி ஆகியிருந்தது.

அன்று பகல் பன்னிரண்டுக்குள் ஹாஸ்டல் டெபாசிட்டைக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ரூம் வெயிட்டிங் லிஸ்டில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த ஊர் பேங்கில் அக்கவுண்ட் திறக்கலாம் என்றால் முகவரி கேட்டார்கள். முகவரிக்கு ரூம் வேண்டும். ரூமுக்கு பேங்க் கார்டு வேண்டும்...

கையில் இருந்தது, நான் பள்ளியில் படிக்கும்போது அப்பா ரெட்டியார்பாளையத்தில் திறந்து கொடுத்த அக்கவுண்ட்டின் கார்டு ஒன்றுதான். மொத்தப் பணமும் அதில்தான்.

ஹாஸ்டல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கார்டு விவரமெல்லாம் அடித்து முடித்தேன். 'உங்கள் மொபைலுக்கு ஓடிபி அனுப்பப்பட்டது' என்று வந்தது.

என் மொபைல் என்றால் அப்பாவின் பட்டன் போன்! வாட்ஸப் கிடையாது, வீடியோ கிடையாது. கிளம்புவதற்கு முன் நம்பரை மாற்றிவிட வேண்டும் என்று நான்கு மாதம் நினைத்துக்கொண்டே இருந்தேன். சூட்கேஸில் ஊறுகாய்க்கு இடம் பிடிக்கிற போராட்டத்தில் மறந்துவிட்டேன்.

என்னிடம் இன்னும் அந்த ஊர் சிம்கூட இல்லை. பின்னால் நின்ற செனகல் நாட்டுப் பெண் பாவம் பார்த்துத் தன் போனைக் கொடுத்தாள்.

"அப்பா, நான்தான் செல்வி. ஒரு மெசேஜ் வந்திருக்கும் பாருப்பா. அதுல இருக்கிற நம்பரச் சொல்லு, சீக்கிரம்."

லேத் நின்றது.

"மெசேஜ் வந்து ஒரு நிமிஷம் ஆவல, அதுக்குள்ள போனா? எந்த ஊர்லேந்துமா பேசுற? என் பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா?"

"சளி புடிச்சிருக்குப்பா!"

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவீங்க."

தப்பு என்னுடையதுதான். பக்கத்துப் பட்டறைக்காரர் இப்படி ஒரு போன் காலில் ஏமாந்ததைக் கேட்டு, அப்பாவை உட்கார வைத்து வகுப்பு எடுத்தவள் நான். "யார் கேட்டாலும் சொல்லாதப்பா. நானே கேட்டாலும் சொல்லாத." எனக்கு வாத்தியார்கள் நடத்தியது எதுவும் நினைவில் நின்றதில்லை. அப்பாவுக்கு நான் நடத்திய ஒரே பாடம் அட்சரம் பிசகாமல் நின்றுவிட்டது.

முதல் ஓடிபி காலாவதியானது. மூன்று முறை தவறினால் கார்டு லாக்.

"என்ன சொல்கிறார் உங்கள் அப்பா?" என்று கவுண்டரில் இருந்த பிரெஞ்சு அம்மாள் கேட்டார்.

"நான் அவர் மகள்தான் என்று நிரூபிக்கச் சொல்கிறார்."

அந்த அம்மாள் மரியாதையோடு தலையாட்டினார். அப்பா இடத்தில் அவர் ஆபீஸ் இருந்திருந்தால் மூன்று ஜெராக்ஸும் சேர்த்துக் கேட்டிருப்பார்கள்.

"சரிப்பா, ஏதாவது கேளு. பதில் சொல்றேன். அம்மா பேரு லலிதா!"

"அது ரேஷன் கார்டுலயே இருக்குது. என் பைக் நம்பர் இன்னா?"

"தெரியாதுப்பா."

"பாத்தியா!"

"உன் பொண்ணுக்கும் தெரியாதுப்பா!"

மணி பதினொன்று ஐம்பது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்பா... காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்ல ஸ்கூட்டி மட்கார்டு நசுங்குச்சே, மாடு முட்டிடுச்சின்னு சொன்னேனே... மாடு இல்லப்பா. பிரெஞ்சு கிளாஸக் கட் அடிச்சிட்டு ஒயிட் டவுன் போனேன். அங்க ஒரு மஞ்ச செவுத்துல நான்தான் உட்டுட்டேன்."



"தெரியும்" என்றார் அப்பா. "மாடு முட்டுனா மஞ்ச பெயிண்ட் ஒட்டுமா? மறுநாள் நான்தான உப்புத்தாள் போட்டுத் தேச்சேன்."

நான்கு வருடம்... ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனிதர்.

"செல்விதான். சொல்லுடா பாப்பா, இன்னா பண்ணணும்?"

இரண்டாவது ஓடிபி வந்தது. அப்பா படிக்கப் படிக்க அடித்தேன். "ஒண்ணு... எட்டு... சைபர்... சைபர்..." ஆறு எண் ஆனதும் எண்டர் தட்டினேன். தவறு என்று வந்தது.

"இன்னும் அஞ்சு நம்பர் பாக்கி இருக்குதே, சொல்லவா?"

அது பேங்கின் கஸ்டமர் கேர் நம்பர்!

மூன்றாவதுக்கு அப்பா ரேடியோவை அணைத்தார். கண்ணாடி போட்டார். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை கத்தினார். செனகல்காரி என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நின்றாள். திரையில் பச்சை டிக் விழுந்தபோது மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

"பணம் போயிடுச்சுப்பா!" என்று கத்தினேன்.

"ஐயையோ, போயிடுச்சா?"

"கட்டியாச்சுப்பா! ரூம் கெடச்சிடுச்சு!"

அந்த ஊர் அக்கவுண்ட் கைக்கு வர மூன்று மாதம் ஆனது. அதுவரை நான் கார்டு தேய்க்கும்போதெல்லாம் தட்டாஞ்சாவடியில் அப்பாவின் சட்டைப் பையில் மெசேஜ் விழும். கடைப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து வைத்திருப்பார். போன் செய்தால் விசாரணைதான். "நேத்து பேக்கரி மெசேஜ் சாயங்காலம் ஆறரைக்கு வந்துச்சு. அங்க மூணு மணி. அதுவரைக்கும் பட்டினியா?" "மருந்துக் கடையில இன்னா வாங்குன? ஜொரமா?" எனக்கு எரிச்சலாக வரும்.

இப்போது எனக்கு லியோனிலேயே வேலை. போனில் முகத்தைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. அப்பாவிடமும் பெரிய போன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவார், நெற்றி மட்டும் தெரியும்.

"சாப்ட்டியா?" என்பார்.

"சாப்ட்டேம்பா" என்பேன்.

அந்த மூன்று மாதத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை... அவருக்கே தெரிந்திருந்தது.