மாமா வாங்கி வந்த பச்சைக் கோடு

செல்லூரில் எங்கள் தெருவில் முதன்முதலாக டிவி வாங்கியவர் என் மாமாதான் என்று ஒரு சாயங்காலம் முழுவதும் எல்லோரும் நம்பினார்கள். எண்பதுகளின் தொடக்கம். மொட்டை மாடியில் மூங்கில் நட்டு, ஏரியல் கட்டி, இலங்கை டிவியைப் பிடிப்பது பற்றியே ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அந்த நேரத்தில், வட்டக் கண்ணாடி வைத்த ஒரு பெட்டியைச் சைக்கிள் கேரியரில் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு ஒருவர் தெருவுக்குள் நுழைந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? மாமா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் முன்பே பிள்ளைகள் எங்கள் மாடி அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மாமா பெட்டியின் ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கண்ணாடியின் நடுவே பச்சையாக ஒரு புள்ளி வந்தது. அது இரண்டு பக்கமும் நீண்டு ஒரு கோடானது. அவ்வளவுதான்.

எதிர்வீட்டு அத்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்ப்பா, அம்புட்டுத்தானா? கோடுதான் தெரியுது, ஆளைக் காணோமே?"

"இதுல ஆளு வராது அத்தை. இது பேரு ஆசிலாஸ்கோப்பு. கரண்டு எப்பிடிப் போகுதுன்னு காட்டும்."

"கரண்டு ஓடுறதப் பாக்கவா காசு குடுத்து வாங்கிட்டு வந்த? எங்க வீட்டு மீட்டர் பொட்டியில சும்மாவே ஓடுதே!"

சிரித்துக்கொண்டே எல்லோரும் இறங்கிப் போனார்கள். மாமா மட்டும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மூலையில் நானும் இருந்தேன்.

மாமா என்பது என் அம்மாவின் தம்பி. மில்லில் வேலை. வேலை முடிந்து வந்தால், கெட்டுப்போன ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவதுதான் அவருக்குச் சந்தோஷம். அந்தப் பெட்டியை வாங்கப் போனபோது என்னையும் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போயிருந்தார். பழைய சாமான் கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று பெரியது, முகமெல்லாம் திருகுகள். இன்னொன்று சிறியது, மூலையில் நசுங்கியிருந்தது.

"பெருசை எடு மாப்ள. இதுல ரெண்டு கோடு வரும். சின்னதுல ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர்.

மாமா இரண்டுக்கும் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, சூடாகட்டும் என்று டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால், பெரிய பெட்டியின் கோடுகள் தடித்துக் கலங்கி, மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தன. சின்னதில் கோடு பென்சிலால் போட்டதுபோல மெல்லியதாக, வைத்த இடத்தில் அப்படியே நின்றது. மாமா ஒவ்வொரு திருகாகத் திருகிப் பார்த்தார். கோடு துள்ளவில்லை.

"எனக்குப் பாட்டு செட்டுக்குத்தான்ணே. ஒரு கோடு போதும். அது அசையாம நிக்கணும்."

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பேச மாட்டேன். பேச வராமல் இல்லை. அம்மாவின் காதோடு மட்டும் பேசுவேன். வேறு யாராவது என் முகத்தைப் பார்த்துவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாமாவிடம்கூடத் தலையாட்டல்தான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் அம்மா" சொல்லவேண்டும். எனக்காகப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை சொல்லிவிடுவாள். ஒருநாள் டீச்சர் அம்மாவை வரச் சொன்னார். பரீட்சைக்குள் இவளாக வாயைத் திறந்து சொல்லாவிட்டால், வாய் பேசாத பிள்ளைகள் படிக்கிற பள்ளியில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்றார். அந்தப் பள்ளி எங்கேயோ வெளியூரில் இருந்தது. அங்கேயே தங்கிப் படிக்கவேண்டும். அன்று வீடு வரும்வரை அம்மா என் கையை விடவே இல்லை.

அதன் பிறகு என் நாக்கில் தினமும் வசம்பு தேய்த்தார்கள். அழகர்கோவிலில் மணி கட்டுவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். கோரிப்பாளையத்தில் மைக்செட் வைத்திருந்த பாய் எங்கள் மாமாவுக்குச் சிநேகிதர். அவர் தர்காவில் ஓதிய கயிறு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கட்டிவிட்டார். எதற்கும் நான் அசையவில்லை.

கயிறு கட்டிய அதே வாரம், பாய் தன்னுடைய ஆம்பிளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சத்தம் கூட்டுனா கரகரன்னு கிழிக்குது மாப்ள. அடுத்த வாரம் ஒரு நிக்காஹ் இருக்கு. கைவிட்டுறாத."

மறுநாள் நான் பள்ளி விட்டு வந்ததும் மாமா மாடிக்குக் கூப்பிட்டார். ஹார்ன் ஸ்பீக்கருக்குப் பதிலாகத் தடிமனான ஒரு ரெசிஸ்டரைக் கட்டியிருந்தார். அதனால் வெளியே சத்தம் வராது, கோடு மட்டும்தான் ஆடும் என்றார். பிறகு மைக்கை என் கையில் கொடுத்தார்.

"பாப்பா, இதுல ஏதாச்சும் சத்தம் குடு. ஊதுனாலும் சரிதான். நீ சத்தம் குடுத்தாத்தான் எந்த எடத்துல கெட்டிருக்குன்னு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஊதினேன். கோடு சிலிர்த்தது. அவர் திரும்பவில்லை. "ஆ" என்றேன். கோடு எழுந்து மேடும் பள்ளமுமாக ஆடியது. நிறுத்தினால் படுத்துவிட்டது. மறுபடி சொன்னால் எழுந்தது. என் சத்தத்தைக் கேட்கிற ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் ஓடிவருவேன். "ஆ"வில் தொடங்கி ஒன்று இரண்டுக்குப் போனேன். பிறகு வாய்ப்பாடு. மாமா சின்ன ஆணி போன்ற ஒரு முனையை ஆம்பிளிஃபயருக்குள் ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டே போவார். ஓர் இடம் வரைக்கும் மேடுகள் உருண்டையாக இருந்தன. அதைத் தாண்டியதும், கத்தியால் சீவியதுபோல உச்சி தட்டையாகிவிட்டது. "மாட்டுச்சு!" என்று மாமா கத்தினார். கெட்டது ஒரு சின்னக் கண்டென்சர். என் ஏழாம் வாய்ப்பாட்டில்தான் அது அகப்பட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

இடையில் ஒருநாள் மழையால் பள்ளியைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். நான் மாடி ஏறும்போது அறையில் வேறு யாரும் இல்லை. மாமா மைக் செருகும் ஓட்டையில் ஒரு சின்ன வயரைச் செருகி, அதன் நுனியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் கோடு ஒழுங்கான அலையாக, பெரிதாக நின்றது. என்னைக் கண்டதும் விரலை எடுத்துவிட்டார். கோடு படுத்துவிட்டது.

"பாத்தியா பாப்பா? நீ வரலைன்னா இப்பிடித்தான் படுத்துக்குது."

நிக்காஹுக்கு முந்தின நாள் சாயங்காலம் பாய் ஹார்னோடு வந்து, அதை மொட்டை மாடிச் சுவரில் தெருவைப் பார்த்து வைத்தார்.

"பேசிப் பாரு மாப்ள."

"நான் கோட்டைப் பாக்கணும் பாய். நீங்க சத்தத்தைக் கூட்டணும். பாப்பாதான் பேசணும்" என்ற மாமா, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இப்பத் தெருவுக்கே கேக்கும். முடியலைன்னா மைக்கக் கீழ வச்சிரு தாயி. தப்பில்ல."

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கண்ணாடியில் கோடு நேராகக் கிடந்தது. பாயும் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாருமே என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வாய்ப்பாடு வரவில்லை. என் பெயர்தான் வந்தது, டீச்சர் கூப்பிடுகிற மாதிரியே. அதற்குப் பதிலையும் நானே சொன்னேன்.

"உள்ளேன் அம்மா."

கோடு கண்ணாடியின் விளிம்பு வரை எழுந்தது. உச்சி எங்கும் தட்டையாகவில்லை. தலைக்கு மேலே ஹார்னிலிருந்து என் குரல் தெருக்கோடி வரை போனது.

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். அவள் மாடி அறை வாசலுக்கு வந்ததும், மாமா திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளே வராதே என்று காட்டினார். நான் இன்னும் இரண்டு தடவை சொல்லிவிட்டு இறங்கினேன். அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்து அழுதுகொண்டிருந்தாள். குழாயடியிலிருந்து எதிர்வீட்டு அத்தை கத்தினார்:

"ஏப்பா, ஆளு வராதுன்ன! இப்ப வந்துருச்சே!"

வகுப்பில் அதைச் சொல்ல எனக்கு மேலும் சில நாட்கள் பிடித்தன. டீச்சரைப் பார்க்காமல், கரும்பலகையில் ஒரு பச்சைக் கோடு கிடப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். அழகர்கோவிலில் மணி கட்டினோம். பாய் தன் கயிறுதான் வேலை செய்தது என்றார். அம்மா வசம்பையும் விட்டுக்கொடுக்கவில்லை. மாமா மணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னால் நடந்து வந்தார்.

போன வருடம் எங்கள் வீட்டுப் பாட்டுப் பெட்டி கெட்டுப்போய், பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அந்தப் பையன் உள்ளே ஓர் இடத்தில் விரலை வைத்தான். அவனுடைய ஆசிலாஸ்கோப்பில் அலை எழுந்து நின்றது. மைக்கில் பேசிப் பார்க்க மாட்டீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"பேசினா கோடு ஒரு எடத்துல நிக்காதுக்கா, வேலைதான் இழுக்கும். விரல் வச்சாலே போதும்."

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அந்த மழை நாள்தான் ஞாபகத்தில் இருந்தது. அன்று மாமா ஏன் விரலை எடுத்தார் என்று நான் யோசிக்கவே இல்லை. ஐயோ, கோடு படுத்துவிட்டதே, நான் இல்லாமல் மாமா என்ன செய்வார் என்று, நனைந்த பையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் மைக்கை எடுத்தேன்.