பின் சீட்டில் சந்தனம்

ஏழு வயது வரை எனக்குக் காது குத்தவில்லை. திருத்தணியில் எங்கள் தெருவில் கைக்குழந்தைகள்கூடக் காதில் பொட்டுத் தங்கத்தோடு அழுதுகொண்டிருக்கும். இரண்டாம் வகுப்பு படிக்கும் நான் மட்டும் வெறுங்காதோடு பள்ளிக்கூடம் போவேன். ஆண்டு விழா நடனத்துக்கு மற்ற பெண்கள் எல்லோரும் ஜிமிக்கி போட்டபோது எனக்குப் பசை வைத்து ஒட்டும் கம்மல். பாட்டு முடிவதற்குள் அதில் ஒன்று கழன்று டீச்சர் புடவையில் போய் ஒட்டிக்கொண்டது.

காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்குத் தாய்மாமன் இருந்தார். அவருக்கு மடியும் இருந்திருக்கும். ஆனால் நாங்கள் அவரோடு பேசுவதில்லை.

பேச்சு நின்றதற்குக் காரணம் எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அடித்தது. அதில் மாமாவின் பெயர் விட்டுப்போயிற்று. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்றார் நைனா. எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். எழுதிக் கொடுத்திருந்தால்தானே அச்சகத்தில் போடுவார்கள் என்றார் மாமா. அதோடு சரி. மாமாவுக்குக் கனகம்மாசத்திரத்தில் மெயின் ரோட்டு மேலேயே எலக்ட்ரிக்கல் கடை. பஸ் ஏறினால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரப் பயணத்துக்கு இரண்டு வீட்டுக்கும் ஏழு வருடம் ஆனது. கடைசியில் மாமாவின் மனைவி, என் அத்தை, அம்மாவுக்குப் போன் செய்து, “கொழந்த காத இன்னும் எத்தினி நாளிக்கி மூளியா வுட்டு வெப்பீங்க” என்று கேட்டாள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நாள் குறித்தார்கள்.

மாமா அத்தையோடு காரில் வந்து இறங்கினார். வாங்கி ஒரு வருடம் ஆகியும் அந்த வருடம் அதன்மேல் படாமல் வைத்திருந்தார். வெளியே வெள்ளை, உள்ளே பால்கோவா நிறத்தில் துணி சீட்டு. சொந்தக்காரர்கள் நடுவில் அந்தக் காரைப் பற்றிப் பல கதைகள் உண்டு. ஏறுபவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு மிக்சர் பொட்டலம்கூடப் பிரிக்கக் கூடாது. டேஷ்போர்டைப் பிழிந்த ஈரத்துணியால்தான் துடைப்பார். கடையில் விற்கும் பளபளப்பு எண்ணெயை அண்டவே விடமாட்டார், அது முன்கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்து எதிரே வருகிற லாரியை மறைத்துவிடுமாம். ஏசி துவாரத்தில் தூசி தட்ட ஒரு சின்னப் பெயிண்ட் பிரஷ் வைத்திருந்தார். மாமாவுக்கும் அத்தைக்கும் குழந்தை இல்லை. “அவனுக்கு அந்தக் காருதான் புள்ள” என்று உறவில் ஒருவர் விடாமல் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் அதைக் கேட்டு, கார் எப்படிப் பிள்ளையாகும், அதற்கு யார் மொட்டை போடுவார்கள் என்றெல்லாம் யோசித்திருக்கிறேன்.

ஷோரூமிலிருந்து வந்தபோது சீட்டுகளின்மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை மாமா அதுவரை எடுத்ததில்லை என்பது இன்னொரு கதை. அன்று அது இல்லை. காலையில்தான் கழற்றினாராம். மொட்டை போட்ட குழந்தைக்கு பிளாஸ்டிக்மேல் சாய்ந்தால் வியர்த்துக் கொட்டும் என்று அத்தை சொன்னாளாம். நான் ஏறியதும் சீட்டைக் கையால் தடவிப் பார்த்தேன். கன்றுக்குட்டிக் காது போல மெத்தென்று இருந்தது.

காரிலேயே மலைமேல் கோயிலுக்குப் போனோம். மாமாவும் நைனாவும் முன் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் என் மூலமாகத்தான். “உங்க நைனாவ பெல்ட்டு போடச் சொல்லுமா” என்பார் மாமா. “போட்டாச்சின்னு சொல்லு” என்பார் நைனா. நான் பின்னாலிருந்து இரண்டையும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒரு கட்டத்தில் நானே சொந்தமாக ஒன்று சேர்த்து, நைனாவிடம் “உன்ன சாப்டியான்னு கேக்கச் சொன்னாரு” என்றேன். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

மேலே மொட்டை போட்டார்கள். மாமா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டேன். இரண்டாவது காதுக்கு நான் கத்திய கத்தலில் மாமாவின் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. சவரக் கத்தி பட்ட கீறல் ஆறட்டும் என்று அம்மா சந்தனத்தோடு நிறைய மஞ்சளும் குழைத்து என் தலை முழுக்க அப்பினாள். இறங்கும்போது அழுத களைப்பில், பின் சீட்டின் இடது ஓரத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன்.

வீட்டு வாசலில் மாமாதான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அவர் சட்டைத் தோளில் சந்தனம் அப்பிக்கொண்டது. கார் கண்ணாடியில் ஒரு விரல் ரேகை பட்டாலே துடைக்கிற மனிதர் அதைத் துடைக்கவே இல்லை, கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா ஆலத் தட்டை அத்தையின் கையில்தான் கொடுத்தாள். அந்தக் கையிலா கொடுக்கிறாய் என்பதுபோல் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். அம்மா கண்டுகொள்ளவில்லை. எனக்கு என் கவலை. மஞ்சள் தண்ணீரில் அத்தை ஒரு சிட்டிகை சுண்ணாம்பைக் கரைத்ததும் அது குபீரென்று சிவந்ததே, அந்தச் சிவப்பு எங்கே ஒளிந்திருந்தது? மஞ்சளுக்குள்ளா, சுண்ணாம்புக்குள்ளா? கேட்டேன். சுற்றும்போது பேசக்கூடாது என்றார்கள்.

சாப்பிட்டுவிட்டு மாமா கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். அந்தச் சந்தனச் சட்டையோடுதான். அத்தை பக்கத்தில் கண்ணயர்ந்தாள். காரில் விட்டுவிட்ட செருப்புப் பையை எடுக்கப்போன அம்மா, வேகமாகத் திரும்பி வந்து நைனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பின் சீட்டில், நான் சாய்ந்திருந்த இடத்தில், என் தலை இருந்தது. வட்டமாக, மஞ்சளாக, பக்கத்தில் காதுக்குச் சின்னதாக ஒரு மேடு. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

“ஏழு வருசம் கழிச்சி இன்னிக்கித்தான் வாசப்படி மிதிச்சிகிறான். இதப் பாத்தான்னா அவ்ளோதான். இந்த சென்மத்துக்கு வரமாட்டான்” என்றாள்.

ஒரு கறை எப்படி ஒரு ஆளை வராமல் செய்யும் என்று எனக்குப் புரியவில்லை. பத்திரிகையில் ஒரு பெயர் இல்லாதது செய்ததே என்று இப்போது தோன்றுகிறது. நைனா அதற்குள் பக்கெட்டில் துணி சோப்புத் தூளைக் கரைத்து, பிரஷோடு காருக்குள் புகுந்துவிட்டார். எதைச் செய்தாலும் பலத்தைக் காட்டித்தான் செய்வார். நாலு தேய்ப்பு தேய்த்தார். நுரை வந்தது. நுரை சிவந்தது. பிறகு சீட்டே சிவந்தது. பால்கோவா நிறத்தின் நடுவில் ரத்தம் கட்டியதுபோல் ஒரு வட்டம்.

நைனா பிரஷைப் போட்டுவிட்டு என்னைப் பிடித்து இரண்டு காதையும் புரட்டிப் பார்த்தார். “ரத்தம்டி! கொழந்த காதுலேர்ந்து வந்துகிது!” என்றார்.

“ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மஞ்சள்ல சோப்பு பட்டா செவக்காதா? ஆலம் கரைக்கறது பாத்ததில்லியா நீ?” என்றாள் அம்மா. பயத்தில் நைனாவை ஒருமையில் பேசிவிட்டாள். நைனாவும் பயத்தில் அதைக் கவனிக்கவில்லை.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அப்படியானால் சிவப்பு ஒளிந்திருந்தது மஞ்சளுக்குள்தான். சுண்ணாம்பு போட்டாலும் வருகிறது, சோப்பு போட்டாலும் வருகிறது. இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று வந்தது. ஆனால் இருந்த இரண்டு பேரும் கேட்கிற நிலையில் இல்லை. டேஷ்போர்டில் மாமா முருகர் படத்துக்கு முன்னால் வைத்திருந்த எலுமிச்சம்பழம் நைனாவின் கண்ணில் பட்டது. கறைக்கு எலுமிச்சை நல்லது என்று யாரோ சொன்ன ஞாபகமாம். சாமி பழத்தை எடுக்காதீங்க என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் பல்லால் கடித்துப் பிழிந்துவிட்டார். பிழிந்த இடம் எங்கள் கண்ணெதிரே மறுபடி மஞ்சளானது.

“இன்னொரு தபா சோப்பு போடு நைனா!” என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது. அன்று மொட்டை என்பதால் தலை தப்பியது.

இனி தண்ணீர்தான் என்று நைனா ஒரு சொம்பு நிறைய எடுத்துச் சீட்டில் ஊற்றினார். இரண்டாவது சொம்பைத் தூக்கியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“பாவா, அவ்ளோ தண்ணி ஊத்தாதீங்க. உள்ள பஞ்சு நாறிப் பூடும்.”

மாமா நின்றிருந்தார். நைனா சொம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். ஏழு வருடத்தில் மாமா, அக்கா புருஷன் என்ற முறை வைத்து, அவரைப் பாவா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, அதுவும் நான் இடையில் இல்லாமல். எனக்கு அது தோன்றவில்லை. பஞ்சு ஏன் நாறும் என்பதில் என் கவனம் போய்விட்டது. மாமா உள்ளே குனிந்து, தேய்க்காமல், காய்ந்த துணியை வைத்து வைத்து அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுத்தார். தேய்த்தால் துணி நூல் பிரியும் என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். ஈரம் போனதும், ஓரம் கலைந்த அந்த மஞ்சள் வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. “டேய், இது நிக்காதுடா. மஞ்சக்கறை வெயிலுக்குப் பயப்படும். நாலு நாளு வெயில் படுற மாதிரி நிறுத்து, தானா வெளுத்துப் பூடும்” என்றாள்.

தமிழ்நாட்டில் எங்கே வெயில் அதிகம் என்று செய்தியில் சொன்னால் எங்கள் ஊர் பெயர் இல்லாமல் இருக்காது. நாலு நாள்கூட வேண்டாம், இரண்டு நாள் போதும். அன்று காலை நைனா தனக்கு மரியாதை செய்து போர்த்திய புதுத் துண்டை மாமா எடுத்து, ஈரம் காய்ந்துவிட்டதா என்று சீட்டைத் தொட்டுப் பார்த்து, கறையின்மேல் போட்டு நான்கு முனையையும் செருகினார். சாயங்காலம் கிளம்பிப் போனார்கள்.

“நான் குடுத்த துண்ட கறைய மூடப் போட்டுட்டான் பாத்தியா” என்றார் நைனா. அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

ஆனால் மாமா அடுத்த மாதமே வந்தார். ஆடிக் கிருத்திகைக்கு வந்தார், பொங்கலுக்கு வந்தார், நான் வயதுக்கு வந்தபோது சீர் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் கார் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும். பின் சீட்டில் இடது ஓரத்தில் அந்தத் துண்டும் இருக்கும். துவைத்துத் துவைத்துப் போட்டதில் துண்டின் கரை சாயம் போய்விட்டது. பிறகு அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் ஒரு கறுப்பு வலை வந்தது. எங்கள் தெருவில் நிறுத்தும்போதும் இடது பக்கம் வேப்பமரத்து நிழலுக்கு வருகிற மாதிரி இரண்டு தடவை முன்னும் பின்னும் எடுத்துத்தான் நிறுத்துவார். கேட்டால், வெயில் பட்டால் டேஷ்போர்டு வெடிக்கும், துணி மக்கும் என்பார். துண்டுக்கு அடியில் கறை போய்விட்டதா என்று பார்க்க எனக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் அந்தத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா முகம் சுருங்குவதையும் பார்ப்பேன். அதனால் எப்போதும் வலது பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். மாமாவின் ஒரே ஆசைப் பொருளை நான் கெடுத்துவிட்டேன், அவர் பெரிய மனது பண்ணி அதை மூடி வைத்திருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

போன வருடம் அந்தக் காரை விற்றார். வாங்குகிறவர் மாலையில் வருவதாக இருந்தது. லீவுக்கு வந்திருந்த நான், உள்பக்கம் துடைத்துக் கொடுக்கக் கனகம்மாசத்திரத்துக்குப் போனேன். ஏசி துவாரங்களை அதே பெயிண்ட் பிரஷால் தட்டினேன். டேஷ்போர்டைப் பிழிந்த துணியால் துடைத்தேன். கடைசியில் பின் சீட்டுக்கு வந்து, கூச்சப்பட்டுக்கொண்டே துண்டைத் தூக்கினேன்.

சீட்டின் மற்ற இடமெல்லாம் பழுப்பேறிவிட்டிருந்தது. துண்டுக்கு அடியில் மட்டும் பால்கோவா நிறம். அதன் நடுவில் ஓரம் கலைந்த அந்த மஞ்சள் வட்டம், பக்கத்தில் காதுக்குச் சின்ன மேடு, நேற்று வைத்த மாதிரி. அவ்வளவு சின்னத் தலையா எனக்கு?

துணியை எடுத்து ஒற்றப்போனேன். “அத உட்டுடு” என்றார் மாமா, முன் கதவருகில் நின்றபடி.

“அப்பவே வெயில்ல நிறுத்தியிருந்தா ரெண்டு நாள்ல போயிருக்குமே மாமா?” என்றேன்.

“ஆங், தெரியும். அக்காதான் அன்னிக்கே சொல்லிச்சே” என்றார்.

சொல்லிவிட்டு முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அதை நான் ஏற்கெனவே துடைத்திருந்தேன். அன்று அம்மா வெயிலைப் பற்றிச் சொன்ன கையோடு அவர் துண்டை எடுத்து மூடியபோது, கறையைப் பார்க்கப் பிடிக்காமல் மூடுகிறார் என்றுதான் ஏழு வயதில் நினைத்தேன். நைனாவும் அம்மாவும்கூட அப்படித்தான் நினைத்தார்கள்.