தெற்குச் சுவரோரம் நட்ட மூன்று பிளம்ஸ் மரங்கள்

வெள்ளிக்கிழமை காலை எட்டேகால் மணி. மெல்பேர்ண் ஸ்பென்சர் ஸ்ட்ரீட் நிலையத்தில் பலரட் போகும் புகையிரதத்துக்காகக் காத்து நின்றேன். 1976 யூலை, அந்த நாட்டில் நடுக்குளிர்காலம். முதல்நாள் மாலை விமானத்தில் வந்து இறங்கி, நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். காரில் வந்து அழைத்துப் போவதாக மகன் குகன் எழுதியிருந்தான். வேண்டாம் என்று மறுத்தவன் நான்தான். மருமகள் தேவகியிடம் சொல்லவேண்டிய ஒரு விஷயம் இருந்தது. எழுபது மைலும் தனியே இருந்து அதற்கான சொற்களைத் தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பயணச்சீட்டு மூன்று டொலர் இருபது சதம்.

வண்டிக்குள் இதமான சூடு இருந்தது. தொழிற்சாலைகள் முடிந்ததும் மேற்கே ஒரே வெளி. ட்ருகனினா பக்கமெல்லாம் மரமே இல்லாத புல்தரை, கருங்கல் அடுக்கிய வேலிகள், குளிருக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஆடுகள். இந்த வழியில் நான் வருவது இரண்டாம் தடவை. முதல் தடவை வந்தபோது செய்ததைத் திருத்தத்தான் இந்தப் பயணம். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பூமிசாத்திரம் படிப்பித்தவன். குகன் மெல்பேர்ணுக்குப் பொறியியல் படிக்கப் போய் அங்கேயே வேலை எடுத்தான். அங்கே இரசாயனம் படித்த தேவகியைக் கலியாணம் செய்தான். அவள் மலேசியாவில் ஈப்போவில் பிறந்த தமிழ்ப் பெண். இப்போது பலரட்டில் ஒரு பள்ளியில் படிப்பிக்கிறாள்.

1973 குளிர்காலத்தில் நான் போனபோது அவர்கள் புது வீட்டுக்குக் குடிவந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வீட்டுக்குக் காய்மரம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். எங்கள் ஊரில் பிளம்ஸ் என்றால் பாயாசத்தில் போடும் உலர்ந்த திராட்சை. கொப்பில் முட்டையளவில் கருநீலமாகத் தொங்கும் பிளம்ஸைக் கன்று விற்கும் கடையில் ஒரு படத்தில் கண்டதும் ஆசை பிடித்துக்கொண்டது. பலரட்டின் உறைபனியைத் தாங்கும் என்று ஐரோப்பிய இனத்தில் மூன்று கன்றுகள் வாங்கினேன். அவை குளிருக்கு அஞ்சாதவை. பூப்பதும் பிந்தித்தான், ஆகவே வசந்தகாலத்துக் கடைசிப் பனி பெரும்பாலும் பூவைத் தொடாது. அதுவரை நான் செய்தது சரி. ஆனால் கையில் இங்கிலாந்தில் அச்சான தோட்டப் புத்தகம் இருந்தது. குளிரான இடங்களில் பிளம்ஸைத் தெற்குப் பார்த்த சுவரோரம் நட வேண்டும் என்று அதில் இருந்தது. நட்டேன்.

தென்னரைக்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து விழும் என்பதைக் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தவன் நான். பிழையாக எழுதிய பிள்ளைகளுக்குப் புள்ளி வெட்டியவன். அன்று தேவகி பக்கத்தில் நின்று, "மாமா, அந்தப் பக்கம் துணியே காயாது" என்றாள்.

"உடுப்புக் காயிறதுக்கும் மரத்துக்கும் என்ன பிள்ளை சம்பந்தம்?" என்றேன்.

அதோடு நின்றிருந்தால் அது ஒரு கிழவனின் அசட்டுத்தனம் மட்டுமே. அடுத்த வருடம் மரங்கள் மெலிந்து நிற்கின்றன, ஒரு பூவும் இல்லை என்று குகன் எழுதினான். நான் பதில் எழுதினேன்: "கவனிக்கிற கை இல்லாத வீட்டில் எதுவும் காய்க்காது." அவர்களுக்குக் கலியாணமாகி அப்போது ஐந்து வருடம். பிள்ளை இல்லை. குகனின் கடிதங்களின் அடியில் தேவகி தன் கையால் எழுதும் இரண்டு வரி அதன்பின் வரவில்லை.

சென்ற மார்கழியில் ஒரு மத்தியானம் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றேன். என் நிழல் வடக்கே விழுந்து கிடந்தது. வெயில் தெற்கிலிருந்து வருகிறது, அங்கேயானால் வடக்கிலிருந்து வரும் என்று மனம் பழைய பாடத்தைத் தானாக ஒப்புவித்தது. வாளியைக் கீழே வைத்தேன். இரண்டரை வருடமாக அந்த மரங்களை நிழலில் நிறுத்தி வைத்துவிட்டு, அந்தப் பெண்மீது பழி போட்டிருக்கிறேன்.

மெல்ற்றன் தாண்டியதும் எதிர் இருக்கையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி, நான் எங்கே போகிறேன் என்று கேட்டார். பலரட்டில் பிளம்ஸ் மரங்களை இடம் மாற்றி நட இலங்கையிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன்.

"அதற்காக இலங்கையிலிருந்தா?"

"ஆமாம்."

"என் வீட்டுப் பின்புறத்தில் பிளம்ஸ் வேண்டாம் வேண்டாம் என்றாலும் முளைக்கிறது. கடிதம் போட்டிருந்தால் பெட்டியில் அனுப்பியிருப்பேன்" என்றார்.

இருவரும் சிரித்தோம். பக்கஸ் மார்ஷ் பள்ளத்தாக்கில் பழத்தோட்டங்கள் வந்தன. இலையில்லாத மரங்கள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் வெயிலில் தனித்தனியே. அதற்குமேல் வண்டி முக்கி முக்கி மலையேறியது. பலன் என்ற சிறு நிலையத்தில் அந்தப் பெண்மணி இறங்கினார். தேடிய சொற்கள் ஒன்றும் அகப்படவில்லை.

பத்தரை மணிக்குப் பலரட். தேவகி பள்ளியில் விடுப்பு எடுத்திருந்தாள். நிலையத்துக்கு அவள்தான் வந்திருந்தாள். "வாங்க மாமா. பசியாறிட்டீங்களா?" என்றாள். காலைச் சாப்பாட்டை ஈப்போக்காரர் அப்படித்தான் கேட்பார்கள். மரியாதையில் ஒரு குறைவும் இல்லை. அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. இரவுச் சாப்பாட்டின்போது, "நான் மரம் நட்ட இடம் பிழை. மாத்தி வைக்கத்தான் வந்தனான்" என்றேன். குகன் என்னைப் பார்த்தான். தேவகி, "சரி மாமா. கறி போட்டுக்குங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பின்வளவுக்குப் போனேன். அந்த வீட்டின் முகம் வடக்கு. பின்புறத்தில் நிலம் தெற்குச் சுவரடியிலிருந்து சரிந்து, சில அடியிலேயே பலகை வேலியில் முடிகிறது. கிழக்கு மூலையில் ஒரு மேடு. அதில் துணி காயப்போடும் கொடிக்கம்பம். மேட்டில் புல் பச்சையாக இருந்தது. சரிவு இறங்க இறங்க உறைபனியின் வெள்ளை தடித்து, வேலியடியில் உப்பளம் போலக் கிடந்தது. குளிர்ந்த காற்றும் தண்ணீரைப் போலப் பள்ளத்துக்குத்தான் இறங்குகிறது. வயல் வரம்பு தண்ணீரை மறிப்பதுபோல வேலி அதை மறித்து வைத்திருந்தது. என் மரங்கள் மூன்றும் சுவரின் நிழலில், அந்தக் குளிருக்குள் நின்றன. தோளளவு உயரம், விரல் பருமனில் கொப்புகள், மூன்றும் வெளிச்சம் தேடிக் கிழக்கே வளைந்து. அடியில் மண் கொத்தி, களை எடுத்துத் துப்புரவாக இருந்தது. கவனிக்கிற கை இருந்திருக்கிறது.

குசினிக்குள் வந்து, "பிள்ளை, அந்தக் கொடிக்கம்பம் நிக்கிற மேடுதான் திறமான இடம். அதைக் கழட்டினால்..." என்று தொடங்கினேன்.

தேவகி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லிக்கிட்டு வந்து, இப்ப என் கொடிய புடுங்கணும்ங்கிறீங்களா மாமா? இந்த ஊருல எனக்குன்னு வெயில் விழற எடம் அது ஒண்ணுதான்."

குகன் தேநீர்க் கோப்பைக்குள் சிரித்தான். "அப்பா, வழக்குத் தோத்துப் போச்சு."

"முன்னாடி வைங்க" என்றாள் அவள். "வடக்குப் பக்கம். நாள் பூரா வெயிலு."

குகனின் சிரிப்பு நின்றது. "முன்பக்கமோ? இந்த ரோட்டில எல்லாரும் புல்லுத்தான் வைச்சிருக்கினம். சனம் என்ன நினைக்கும்?"

"ரோட்டுல கறுப்பா இருக்கிறது நம்ம வீடு மட்டும்தான். எப்படியும் பாக்கத்தான் செய்றாங்க. பாத்துட்டுப் போகட்டும்."

அன்று முழுவதும் முன்புறத்தில் குழி வெட்டினேன். அடியில் செம்மண், களியாக ஒட்டியது. குகன் மண்வெட்டியைப் பறிக்கப் பார்த்தான், கொடுக்கவில்லை. நாலு வெட்டுக்கொரு தடவை மூச்சு வாங்க நின்றாலும் நானே முடிப்பது என்று இருந்தேன். பின்னேரம் அடுத்த வீட்டுக்காரர் நாயோடு வந்து வேலிக்கு வெளியே நின்றார்.

"யாரைப் புதைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

"மாமனாரைத்தான்" என்று தேவகி ஆங்கிலத்தில் சொன்னாள். "நல்ல மனிதர். குழியைத் தானே வெட்டுகிறார்."

"மூன்று குழி இருக்கிறதே?"

"பிடிவாதம் அதிகம். ஒன்றில் அடங்கமாட்டார்."

ஞாயிற்றுக்கிழமை மரங்களைக் கிளப்பினோம். இலையுதிர்ந்து உறங்கும் இந்த மாதத்தில்தான் மரத்துக்குத் தெரியாமல் அதை இடம் மாற்றலாம். தண்டைச் சுற்றி முழங்கை நீளத்தில் வட்டமாக வெட்டி, வேரை மண்ணோடு சாக்கில் எடுத்துக் கட்டி, கொப்புகளை மூன்றில் ஒரு பங்கு கழித்துவிட வேண்டும். நடும்போது ஒட்டு வைத்த கணு மண்ணுக்குமேல் நிற்க வேண்டும். முதல் இரண்டும் நன்றாக வந்தன. குகன் இன்னொரு சாக்குக் கேட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருந்தான். மூன்றாவது மரத்தைத் தேவகி பிடித்துக்கொண்டு நிற்க, நான் அடிவேரைத் தேடி மண்வெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். அந்தக் கடுதாசியில நீங்க மரத்தத்தான் சொன்னீங்களா?"

மண்வெட்டி நழுவியது. கீழே அடிவேர் நறுக்கென்று அறுந்த சத்தம் கேட்டது.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவளும் கேட்டுக்கொண்டு போயிருப்பாள். நான் அதற்காக வரவில்லை.

"இல்லை, பிள்ளை. உன்னையும் நினைச்சுத்தான் எழுதினனான்."

அவள் தண்டை விடவில்லை. "அப்பவே எனக்குத் தெரியும். அவருதான், அப்பா மரத்தத்தான் சொல்றார், நீயா ஏன் கற்பனை பண்றேன்னு இத்தன நாளாச் சொல்லிட்டிருக்கார். கடைசியில எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்."

"உன்ர புத்தியில ஒரு பிழையும் இல்லை. என்ர புத்திதான் கெட்ட புத்தி. என்னை மன்னிச்சுக்கொள்."

"அத அவருக்கிட்டயும் சொல்லுங்க மாமா. எனக்கு முன்னாடி."

மன்னிப்பதாகவோ மாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. குகன் வந்ததும் மூன்றாவது மரத்தையும் கொண்டுபோய் நட்டோம். மாலையில் குசினி மேசையில் அவனுக்கும் சொன்னேன். அவளிடம் சொன்னதைவிட அது கடினமாக இருந்தது. அவன் பீங்கானைத் தள்ளி வைத்தான்.

"நான் உங்களுக்காக இவளோட எவ்வளவு வாதாடினனான் அப்பா. ஒன்றரை வருஷம்."

கதிரையைப் பின்னே தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனான். முன்புறத்தில், இருட்டில், புதுமரங்களுக்கு வாளியால் தண்ணீர் ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது. தேவகி எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அடுத்த ஐந்து நாளும் மரங்களோடுதான் இருந்தேன். ஊன்றுகோல் நாட்டிக் கட்டினேன். அடியில் வைக்கோல் போடத்தான் கை வந்தது. எங்கள் தோட்டங்களில் ஈரம் காக்க அப்படித்தான் செய்வோம். ஆனால் உறைபனி விழும் இடத்தில் வெறும் மண்தான் நல்லது. பகலில் வாங்கிய சூட்டை இரவில் பூவுக்குத் திருப்பிக் கொடுக்கும். வைக்கோல் அதை மறித்துவிடும். இதைப் புத்தகத்தில் பார்த்துச் சொன்னது தேவகி. அவுஸ்திரேலியாவில் அச்சான புத்தகம்தான் என்று அட்டையைத் திருப்பிக் காட்டிவிட்டுச் சொன்னாள். குகன் மூன்று நாள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினான். நான்காம் நாள், "கைக்கு எண்ணெய் பூசுங்கோ, கொப்பளம் கிடக்கு" என்றான். அதற்குமேல் நான் எதிர்பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி வண்டி. குகன் என் பெட்டியை உள்ளே வைத்து, உயரத் தட்டில் சரியாகப் பொருந்தும்வரை திரும்பத் திரும்பத் தள்ளினான். தேவகி ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"பூத்தா எழுதுறேன் மாமா. பூக்கலன்னாலும் எழுதுறேன். ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லு பிள்ளை."

"ஏன் பூக்கலன்னு மட்டும் நீங்க பதில் எழுதக்கூடாது."

"ஓம். எழுதமாட்டன்."

வண்டி இறக்கத்தில் வேகமாகப் போனது. போகும்போது எழுபது மைலும் தேடிய சொற்கள், கடைசியில் ஒன்றிரண்டு வரியாகத்தான் வெளியே வந்தன. இலங்கையில் எங்கள் வளவில் மரம் பட்டால் கிணற்றையோ மண்ணையோ அயலவன் கண்ணையோ சொல்லி முடித்துவிடுவோம். நட்டவனை யாரும் கேட்பதில்லை. நான் அந்தப் பழக்கத்தோடு எழுபது வருடத்துக்கு மேல் சௌகரியமாக வாழ்ந்துவிட்டேன்.

ஐப்பசி பிற்பகுதியில் குகனின் கடிதம் வந்தது. அடியில் நான்கு வரி வேறு கையெழுத்தில் இருந்தது. இரண்டு மரங்கள் பூத்திருக்கின்றன, வெள்ளை வெளேரென்று, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். மூன்றாவது துளிர்க்கவே இல்லை. கொப்பை முறித்துப் பார்த்தோம், உள்ளே காய்ந்துவிட்டது.

ஏன் என்று எனக்குத் தெரியும். பேனாவைத் திறந்து, இரண்டு மரம் பூத்தது பெரிய சந்தோஷம் என்று எழுதினேன். ஈப்போவில் அவளுடைய அம்மா சுகமா என்று கேட்டேன். தாளில் இன்னும் பாதிக்குமேல் இடம் இருந்தது. அதை அப்படியே மடித்து ஒட்டினேன்.