ஆறாம் எண்ணிக்கையில் நின்ற மூச்சு

மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது ரீத்தா அண்ணியின் அழைப்பு வந்தது. "உங்கண்ணன் காலைல போயிட்டாரும்மா" என்றார். சூசை அண்ணனை அறிந்த நீங்கள் எல்லோரும் அவருக்கு அஞ்சலி எழுதிவிட்டீர்கள். நான்தான் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். காரணம் இருக்கிறது.

அண்ணன் பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றும் மினி லாரி ஓட்டுவார். முகூர்த்த நாட்களில் ஒரு கச்சேரிக் குழுவில் சாக்ஸபோன் வாசிப்பார். நான் அதே குழுவில் பேஸ் கிட்டார். ஒரு கல்யாண வரவேற்பில் டிரம்ஸ்காரரும் கீபோர்டுகாரரும் வந்த வண்டி வழியில் நின்றுவிட, நாங்கள் இருவரே ஒரு மணி நேரம் கச்சேரியை ஓட்டினோம். சினிமாப் பாட்டில் தொடங்கிய அண்ணன், கேட்பார் இல்லாத துணிச்சலில், தனக்குப் பிடித்த ஜாஸ் பக்கம் போய்விட்டார். பந்தியிலிருந்து வந்த ஒருவர், "மத்தவங்கல்லாம் சாப்புடப் போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

"நாங்க ரெண்டு பேருதாங்க. எலையில ஏதாச்சும் கொறையுதுங்களா?" என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து மேடையில் நாங்கள் ஜோடி. என்னைப் 'பேஸு' என்றுதான் கூப்பிடுவார். "நான் பாட்ட வுட்டு வெளிய சுத்துவேன் பேஸு. வூட்டுக்கு வழிய நீ புடிச்சி வெச்சிக்க" என்பார்.

தை மாதம் கம்பைநல்லூர்க் கல்யாணத்தில், ஒரே மூச்சில் எட்டு எண்ணிக்கை நீளும் அவருடைய சாக்ஸபோன் இழுப்பு ஆறில் நின்றது. மீதி இரண்டை நான் கிட்டாரில் நிரப்பினேன். இறங்கியதும் வண்டியைப் பிடித்துக்கொண்டு இருமியவர், "மண்டித் தூசி. வூட்டுல சொல்லிறாத, சீசன் முடியட்டும்" என்றார். சரி என்றேன். ஆறு ஐந்தாயிற்று. வைகாசியில் நாலு. நானும் கூடவே நிரப்பிக்கொண்டு போனேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட அண்ணி, "இப்பதான் அவரு வாசிப்பு இன்னும் நல்லாருக்கு" என்றார். நான் சிரித்தேன்.

ஆவணியில் அண்ணன் மயங்கி விழுந்தார். மூச்சுத்திணறல் எப்போதிலிருந்து என்று மருத்துவர் கேட்டார். "ரெண்டு வாரமாங்க" என்றார் அண்ணி. இடுப்பில் மகளோடு பக்கத்தில் நின்ற நான், ஏழு மாதம் என்று சொல்லவில்லை. நுரையீரலில் கட்டி, முற்றிவிட்டது, முன்பே வந்திருக்கலாம் என்றார்கள்.

முந்தாநாள் அண்ணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்றிருந்தேன். அவர் தன் போனில் கம்பைநல்லூர்க் கச்சேரியைப் போட்டு, "எந்த எடம்?" என்றார். காட்டினேன். மூன்று முறை திருப்பிக் கேட்டார்.

"இவ்ளோ நல்லா மூடியிருக்கியே பேஸு" என்றார்.

அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இப்போதெல்லாம் மகள் தூங்கும்போது அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன். லேசாகச் சளி பிடித்தாலும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

முப்பதாம் நாள் திருப்பலியில், அண்ணன் கோயிலில் கடைசியாக வாசித்த பாட்டை என்னை வாசிக்கச் சொல்லியிருக்கிறார் அண்ணி. அதில் அவர் எட்டு எண்ணிக்கை இழுக்கும் வரி வரும்போது ஆறு வரை வாசிப்பேன். பிறகு கம்பியிலிருந்து கையை எடுத்துவிடுவேன். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இரண்டு எண்ணிக்கைதான். அதை இனி நான் நிரப்பமாட்டேன்.