மாமரத்தில் அப்பா போட்ட செட்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் சந்துக்குள் மினி லாரி ஒன்று பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மேலே பலகைகளின் மீது அப்பா ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்தப் பலகைகள் இருக்கின்றனவே, ஒரு பக்கம் பளபளக்கும் சலவைக்கல், திருப்பினால் வெறும் மரம்! முந்தின நாள்வரை ஏதோ ஒரு படத்தில் அரண்மனையாக இருந்தவை. நானும் அண்ணனும் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.

அப்பா சினிமாவுக்கு செட் போடும் தச்சர். வடபழனிப் பக்கம் கோர்ட்டு, ஜெயில், கோயில் மண்டபம் என்று அவர் கட்டாதது இல்லை. ஆனால் படப்பிடிப்பு முடிந்த அன்றே எல்லாவற்றையும் பிரித்துவிடுவார்கள். "உங்கப்பா கட்டின அரண்மன எங்கடி கீது, காட்டு பாப்போம்" என்று ஆறாம் வகுப்பில் என்னைச் சீண்டாதவள் இல்லை. எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் எங்க வூட்டுக்கு வாங்கடி, காட்டறேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன். அப்பா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கொல்லைப்புறத்து மாமரத்தைச் சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார். அடுத்த நாளே லாரி வந்துவிட்டது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மரத்தின் மேலேயே ஒரு குட்டி வீடு கட்ட, அப்பா கிளைகளுக்கு நடுவே நூல் பிடித்து அளந்தார். அண்ணன் ரம்பம் போட, பலகை ஆடாமலிருக்க அதன் மறுமுனையில் அம்மா ஏறி உட்கார்ந்துகொண்டாள். "என் எடைக்கு இன்னிக்குத்தான் இந்த வூட்ல மரியாத" என்று சிரித்தாள். ஆணி டப்பாவோடு மரத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக நான் பறந்துகொண்டிருந்தேன். ஞாயிறு மதியத்துக்குள் தளம், மூன்று சுவர், ஒரு ஜன்னல், ஏணி எல்லாம் வந்துவிட்டன. வெளிப்பக்கம் முழுக்கச் சலவைக்கல்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் அம்மாதான் ஏறிப் பார்த்தாள். பாதி ஏணியில் புடவை எதிலோ மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தாள். புடவையோடு ஆணியும் கையில் வந்துவிட்டது. அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். அடித்த ஆணிகள் எல்லாமே பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"இன்னாங்க இது, ஒண்ணுகூட முழுசா எறங்கலியே?"

"அப்பதான பிரிக்க ஈஸியா இருக்கும்" என்றார் அப்பா.

"எப்போ பிரிக்கப் போறீங்க?"

அப்பா நீட்டிக்கொண்டிருந்த ஆணி ஒன்றைத் தடவிப் பார்த்தார். இருபது வருஷமாக அவர் கை அப்படித்தான் பழகியிருந்தது. இதைப் பிரிக்க யாரும் வரப்போவதில்லை என்பதை அவருக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்திருக்கிறது. எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் வகுப்பே வந்து நிற்கும்!

அதன்பிறகு கொல்லையில் நடந்தது போர்தான். அப்பாவும் அண்ணனும் ஆளுக்கொரு சுத்தியலோடு மேலே. எனக்கு அப்பாவின் பழைய சுத்தியல். அம்மா சமையலறையிலிருந்து இஞ்சி இடிக்கும் இரும்பு உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒவ்வோர் ஆணியும் தலைவரை இறங்க இறங்க, "இன்னும் ஒரு போடு, இன்னும் ஒரு போடு" என்று கத்தினோம். கடைசி ஆணியை அப்பா அடித்து முடிக்கவும் வாசலில் பெண்களின் குரல் கேட்கவும் சரியாக இருந்தது. ஏழு பேர் திமுதிமுவென்று ஏறிக் குதித்தார்கள். வீடு அசையவே இல்லை. என்னை அதிகம் சீண்டியவள் இறங்க மறுத்து அடம்பிடித்தாள்.

இத்தனை வருஷம் கழித்து, இந்த மே மாதம் தளத்தில் ஒரு பலகை உளுத்துப்போயிற்று. என் மகள் ஏறுவதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று அண்ணன் அரை நாள் மல்லுக்கட்டினான். ஓர் ஆணிகூட வரவில்லை. கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா, "இன்னாடா, வரலியா? நல்லா இழுத்துப் பாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. எவ்வளவு இறுகிய ஆணியானாலும் எப்படிப் பிடுங்குவதென்று அவருக்குத் தெரியும். கடைசிவரை சொல்லவே இல்லை.