மாடியறை ரேடியோவின் வேலாயுதம் அவர்கள்

கிள்ளான் பாசாரில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. "ரேடியோ அண்ணே தவறிட்டாருங்க. நெஞ்சு வலின்னு படுத்தவரு எழுந்திரிக்கலையாம்," என்றார் காய்கறிக்கார அம்மாள். திரு. வேலாயுதம் அவர்களை அந்த அம்மாள் நேரில் பார்த்ததே இல்லை. காப்பிக் கடை ரேடியோவில் கேட்ட குரல் மட்டுமே பழக்கம். ஆனாலும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பொறுக்கிய கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலாயுதம் அவர்கள் சிங்கப்பூரில் ஒரு பெரிய ரேடியோ கம்பெனியில் தமிழ் அறிவிப்பாளராக இருந்தவர். கனத்த திரை போட்ட அறையில் கோட்டும் டையுமாக உட்கார்ந்து, மேலிடம் ஒப்புக்கொண்ட தாளை எழுத்துப் பிசகாமல் வாசிக்க வேண்டும். இருமினால்கூட விளக்கம் கேட்பார்களாம். "செவுத்தப் பாத்துப் பேசிப் பேசி, வெளியில ஆளு இருக்கா இல்லையான்னே சந்தேகம் வந்திருச்சு தம்பி," என்பார். அந்த வேலையை விட்டுவிட்டு மனைவி கமலம் அண்ணியோடு, கிள்ளானிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் உள்ள பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தார்.

அங்கே ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில் ரேடியோப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து சின்னதாக ஒரு நிலையம் நடத்திவந்தோம். ரயில்வேயில் மின்சார வேலை பார்த்த நான் கருவிகளுக்குப் பொறுப்பு. தமிழ் நிகழ்ச்சிக்கு ஞாயிறு மாலை; அதை வேலாயுதம் அவர்கள் ஏற்றுக்கொண்டார். சம்பளம் என்ற பேச்சே இல்லை. ரேடியோப் பெட்டிகளைப் பழுதுபார்த்துத்தான் அவர் குடும்பம் நடத்தினார்.

வந்த அன்றே ஜன்னலைத் திறந்தார். ரயில் சத்தம் கேட்குமே என்றேன். "கேக்கட்டும்யா. பிரிக்பீல்ட்ஸ்ல ரயில் ஓடுறது ஊருக்குத் தெரியாதா?" என்றார். பேச்சின் நடுவே வண்டி போனால் நிறுத்தி, "கிள்ளான் வண்டி கிளம்பிருச்சு, ஆள் கூப்பிடப் போறவங்க புறப்படலாம்," என்பார். கிள்ளான் காப்பிக் கடையில் இருந்தவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடப்பார்கள். பாட்டைப் பாதியில் நிறுத்தினால் திட்டுவதற்கென்றே மறுநாள் படியேறி வருபவர்களும் உண்டு. அப்படித் திட்டு வாங்கிய நாளில் அவருக்குச் சாப்பாடு கூடுதலாக இறங்கும்.

ஒரு ஞாயிறு, பழைய கம்பெனியிலிருந்து தமிழ் அதிகாரி ஒருவர் வந்தார். கூடுதல் சம்பளத்தோடு பழைய வேலையும், குடியிருக்க வீடும் தருவதாகச் சொன்னார். அப்படி ஓர் அழைப்பு வரவேண்டுமென்று கமலம் அண்ணி கோயிலில் நேர்ந்துகொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்களிடம் இருந்தது ஒரே மைக். பாட்டுப் போடும்போது அதைக் கிராமபோன் குழாய்க்கு முன்னால் நகர்த்திவிட்டு, தட்டு ஓடி முடியும்வரை எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். அன்று பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்தவரைக் கண்ட பரபரப்பில், மைக் திறந்திருப்பதை அடியோடு மறந்துவிட்டோம்.

"வரலைங்க," என்றார் வேலாயுதம் அவர்கள். "அங்க நான் நல்லாப் பேசுறேன்னு நீங்க மட்டும் சொல்லுவீங்க. இங்க தப்பாப் பேசுனா ஊரே வந்து சொல்லுது. எனக்கு இதுதான் சந்தோசம். கமலத்துக்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

பக்கத்து வீட்டு ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த கமலம் அண்ணிக்கு அத்தனையும் கேட்டுவிட்டது. அந்த வாரம் முழுக்க வேலாயுதம் அவர்களுக்கு வீட்டில் சோறு கிடைத்தது, பேச்சுக் கிடைக்கவில்லை. ஊரே சிரித்தது. அதற்குப் பிறகும் அண்ணி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. தன் மனைவிக்குத் துரோகம் செய்துவிட்டோமோ என்ற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

இப்போது அவர் போய்விட்டபின், அவர் இல்லாத தமிழ் நேரத்தை நினைக்கவே எங்களுக்கு மனம் வரவில்லை. நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்து, காரியத்தன்று அண்ணியிடம் சொன்னேன்.

"நிறுத்தாதீங்க தம்பி," என்றார். "இந்த ஞாயித்துக்கிழமை நான் வரேன்."

வந்தார். நிலையத்துப் படியில் அதுவரை கால் வைக்காதவர், மைக்குக்கு முன்னால் நேராக உட்கார்ந்தார். கேட்பவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மறைந்த கணவரிடமே பேசத் தொடங்கினார்.

"ஏங்க, எங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னு அன்னிக்கு இங்கதான் சொன்னீங்க. நான் பதிலே சொல்லல. சிங்கப்பூர்ல ஒரு நாளும் நீங்க சிரிச்சுகிட்டு வீடு திரும்புனதில்ல. இங்க அப்படித் திரும்பாத நாளில்ல. நீங்க வரலன்னு சொன்னது சரிதாங்க. போயிட்டு வாங்க."